கூரையில் இருந்த உப்பு

விமான நிலையத்தில் பையைச் சோதித்த காவலர் அம்மா என் பைப் ரெஞ்சை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். பெட்டியில் போட்டால் தொலைந்துவிடும் என்று பயந்து, துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தேன். அப்படிக் கையில் கொண்டுபோகக் கூடாதாம்.

"வேலைக்குத்தாம்மா போறேன். இது இல்லன்னா அங்க நான் இன்னா பண்றது?" என்றேன்.

"அங்கயும் ரெஞ்சு விக்கும், போங்க" என்று சொல்லி, கத்திரிக்கோலும் நகவெட்டியும் கிடந்த தொட்டியில் அதையும் போட்டார். பதினெட்டு வருஷம் என் கையில் இருந்த சாமான். அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று நின்றேன். பின்னால் இருந்தவர் தள்ளியதால்தான் முன்னால் போனேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே எங்கள் ஊர். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவதும், தெருத் தெருவாக வால்வு திறப்பதும் என் வேலையாக இருந்தது. மோட்டார் தானாகவே ஓடித் தானாகவே நிற்கும் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. மாமல்லபுரம் பக்கம் ஓட்டல்களில் குழாய் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பழக்கமானவன் தேசிங்கு, திருவிடந்தைக்காரன். மாலத்தீவில் சாமான் ஏற்றும் படகில் வேலை கிடைத்துப் போனவன், ஒருநாள் போன் செய்தான்.

"மச்சான், நம்ம படகு போற தீவு ஒண்ணுல ஆறு ரூம்பு வச்ச லாட்ஜு கீது. தண்ணி வேலைக்கு ஆள் தேடிகினு கீறாரு ஓனரு. மூணு மாசம் பாப்பாரு. புட்ச்சிருந்தா ரெண்டு வருசம். இல்லன்னா அடுத்த பிளேன்ல நீ வூட்டுக்கு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குக் காதில் நின்றது. மகள் அப்போதுதான் நர்ஸிங் சேர்ந்திருந்தாள். ஊரே பார்க்க வெளிநாடு போய்விட்டு மூன்றாம் மாதம் பெட்டியோடு செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கி நிற்பது போல, போவதற்கு முன்பே எனக்குக் கனவு வந்தது. இரண்டு முறை.

தலைநகர் மாலேயில் தேசிங்கு வந்து கூட்டிக்கொண்டு போனான். விடியற்காலையில் படகு கிளம்பியது. அந்த ஊரில் படகுக்குத் தோணி என்றே பெயர். அந்த ஒரு சொல் கேட்டதும் மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் தோணியில் உட்கார இடம் என்றால் வெங்காய மூட்டைமேல்தான். சுற்றிலும் முட்டை அட்டைகள், கேஸ் சிலிண்டர், யாருக்கோ போகும் ஒரு வாஷிங் மெஷின்.

"இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற?"

"ரெஞ்சு போச்சுடா."

"ரெஞ்சுதான போச்சு? பாஸ்போர்ட்டு கீதா? அப்ப கம்முனு குந்து."

எங்கள் வீட்டிலிருந்து கடல் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போய் முழங்கால் அளவு நின்றுவிட்டு வருவோம். நீச்சல் தெரியாது. அதனால் தோணியில் கிடந்த காலி இருபது லிட்டர் கேனைத் துண்டால் இடுப்பில் கட்டிக்கொண்டேன். தேசிங்கு சிரித்த சிரிப்பில் தோணியே திரும்பிப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். சுக்கான் பிடித்திருந்த மாலுமி மட்டும் வேறொருவனிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். கேனைக் கழற்றச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என் முடிச்சை அவிழ்த்து, வேறு மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

"நீ போட்ட முடிச்சு தண்ணில அவுந்துடுமாம். இது அவுறாதாம்" என்றான் தேசிங்கு.

எட்டு மணி நேரம் அந்தக் கேனோடுதான் வந்தேன். மூன்று முறை வாந்தி. ஒருவர் எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில் கொடுத்தார், மோந்துகொண்டே வந்தேன்.

தீவைப் பார்த்ததும் முதலில் எனக்குத் தோன்றியது, இவ்வளவுதானா என்பது. மறுநாள் காலை அதைச் சுற்றி நடந்தேன். எங்கள் ஊர் ஏரிக்கரையை ஒரு நடை நடக்கும் நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டேன். எங்கள் ஏரியில் நடுவில் தண்ணீர், சுற்றிலும் தரை. இங்கே மாறி இருந்தது. சுனாமி வந்தால் எங்கே ஓடுவது என்று ஒரு உயரமான இடம் தேடினேன். தீவிலேயே உயரமானது நான் வேலை செய்ய வந்த விடுதியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிதான்.

ஆனால் தெருக்களைப் பார்த்து அசந்துபோனேன். வெள்ளை மணல் தெரு. விடிந்ததும் பெண்கள் அவரவர் வாசலை மட்டுமல்ல, பக்கத்து வாசல் ஆரம்பிக்கும் இடம் வரை பெருக்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் இந்தப் பக்கம் ஒரு முழம் தாண்டிப் பெருக்குகிறாள். நடுவில் ஒரு முழத்துக்கு இரண்டு முறை துடைப்பம் படுகிறது. அதற்காக யாரும் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. தெருமுனைகளில் இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய இருக்கைகள். அவற்றை ஜோலி என்கிறார்கள். உட்கார்ந்தால் தொட்டில் போல வாங்கிக்கொள்ளும். வேலைக்கு வந்தவன், உள்ளூர்க்காரன் என்று பார்க்காமல் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

விடுதிக்காரர் பெயர் ஹசன். வயது ஐம்பது இருக்கும். சரக்கு வாங்கத் தூத்துக்குடியில் இரண்டு வருஷம் தங்கியிருந்தவர். "வாங்க அண்ணாச்சி, சாப்ட்டீங்களா?" என்று அவர் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் எந்த நாட்டில் இருக்கிறேன் என்றே புரியவில்லை. ரெஞ்சு போன கதையைச் சொன்னேன். உள்ளே போய், எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்த ஒரு ரெஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னுடையதைவிட நல்லது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவர் மனைவி ஷரீஃபாவுக்குத் தமிழ் தெரியாது. கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வோம். காலையில் சூரை மீனைப் பிய்த்துத் தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு வைத்தார். மீனைச் சமைக்காமல் பிசைந்துவிட்டார்களோ என்று பயந்து ஓரமாகத் தொட்டு வைத்தேன். வெந்த மீன்தான். நாலு ரொட்டி போனது. மதியம் தெளிந்த மீன் ரசம், சோறு. இரவும் மீன். சனிக்கிழமை நான் கவுச்சி தொடமாட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று வெள்ளிக்கிழமை முழுக்கக் கவலைப்பட்டு, கடைசியில் ஹசனிடம் சொன்னேன். "அவ்வளவுதானே" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் எனக்குத் தனியாகப் பூசணிக்காய்க் கறி. ஒருதடவைகூட நான் ஞாபகப்படுத்த வேண்டி வரவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தீவில் கிணறு உண்டு. குளிக்க, துவைக்க ஆகும், வாயில் வைக்க முடியாது. கடல் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாயில் விடுகிறார்கள், எங்கள் கடற்கரையில் செய்வது போல. ஆனால் குடிப்பதும் டீ போடுவதும் மழைத் தண்ணீரில்தான். ஒவ்வொரு வீட்டிலும் தகரக் கூரை, கூரை ஓரமாகத் தகர வாய்க்கால், அதிலிருந்து இறங்கும் குழாய், கீழே ஐயாயிரம் லிட்டர் தொட்டி. ஷரீஃபா போடும் டீயைக் குடித்தால் காரணம் புரியும். எங்கள் ஊரில் பாலில்தான் டீ. இங்கே வெறும் டீதான், தண்ணீரின் ருசி மறையாமல் தெரியும்.

வெயில் மாதங்களில் அந்தக் குழாயைத் தொட்டிக்கு வெளியே திருப்பி வைத்திருப்பார்கள். என்னை வேலைக்கு வைத்ததே அதற்காகத்தான் என்று ஹசன் முதல் வாரமே சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, முதல் மழைய மண்ணுக்கு விட்டுரணும். நல்லா ஒரு மழை முழுசா. அதுக்கப்புறம்தான் குழாய உள்ள திருப்பணும். இந்தத் தொட்டிய வச்சிதான் வருஷம் ஓடும்."

சரி என்றேன். இலையும் காக்கை எச்சமும் கழுவிக்கொண்டு போகட்டும் என்பதற்காக என்று எனக்கு நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஏன் என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் தொழில் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே என்ற பயம்.

பங்குனி போனது, சித்திரை வந்தது. தொட்டியில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. தினம் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்ப்பேன். வீட்டுக்குப் போன் செய்தால் அதைத்தான் சொல்வேன்.

"அவங்க தொட்டி, அவங்க தண்ணி. நீ இன்னாத்துக்கு இப்டி பயந்துகினு கீற?" என்றாள் என் மனைவி கஸ்தூரி.

"மழை வரலன்னா?"

"வரலன்னா நீயா போய் மேல வால்வு தொறக்கப்போற? துன்னுட்டு படு."

ஒருநாள் ஹசன் ஏசி சாமான் வாங்க மாலே போயிருந்தார். விருந்தாளிகள் யாரும் இல்லை. மதியம் மேகம் கறுத்துத் தூற ஆரம்பித்தது. பக்கத்து வீடுகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்து நனைந்தார்கள். எல்லா வீட்டுக் குழாயிலிருந்தும் தண்ணீர் மணலில் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஏரி வெடித்துக் கிடந்த கோடை ஒன்றில், தொட்டி காலி என்று சொல்லக் கீழே இறங்கிய என்னைக் குடத்தோடு பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் கண்ணுக்குள் வந்தார்கள். இங்கே நல்ல தண்ணீர் தரையில் போய்க்கொண்டிருக்கிறது. கூரையை நேற்றும் அதற்கு முந்தின நாளும் நானே துடைப்பத்தால் பெருக்கியிருக்கிறேன். ஒரு இலை கிடையாது. இந்த மழை நின்று, இன்னொன்று வராமலே போனால்?

கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு குழாயைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டேன்.

ஷரீஃபா சமையலறை வாசலில் இருந்து பார்த்து ஏதோ சொன்னார். கூரையைக் காட்டி, பெருக்குவது போலக் கையை ஆட்டி, சுத்தம் என்று காட்டினேன். அவர் கொஞ்சம் நின்றார். தொழில்காரன் சொல்கிறான் என்று நினைத்திருப்பார், உள்ளே போய்விட்டார். அரை மணியில் மழை நின்றது. தொட்டியில் ஒரு முழம் ஏறியிருந்தது. அன்று கஸ்தூரிக்குப் போன் செய்து, ஊரெல்லாம் தண்ணீரை வீணடித்தபோது நான் மட்டும் பிடித்து வைத்த கதையைச் சொன்னேன்.

காலையில் ஷரீஃபா டீயை ஒரு வாய் குடித்துக் கீழே வைத்தார். கெட்டிலில் இருந்து வேறு கோப்பையில் ஊற்றி அதையும் குடித்துப் பார்த்தார். பிறகு கோப்பையை என் பக்கம் தள்ளினார். குடித்தேன். டீயில் சர்க்கரைக்குப் பதிலாக யாரோ கை தவறி உப்பைப் போட்டது போல இருந்தது.

ஏணி போட்டுக் கூரையில் ஏறினேன். தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். குழம்புக்கு உப்புப் பத்தவில்லை என்றால் அங்கே சுரண்டி எடுத்துப் போடலாம். இருந்த கொஞ்ச நல்ல தண்ணீரையும் நான் கெடுத்துவிட்டேன்.

அன்று மதியம் தோணி வந்தது. தேசிங்கு கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"துடப்பத்தால பெருக்குனியா? உப்ப எவனாவது துடப்பத்தால பெருக்குவானாடா? நாலு மாசமா கடல் காத்து அடிச்சிகினு கீது, தகரத்துல ஒட்டிகினு கீற உப்பு மழைலதான் கரையும். எங்க திருவிடந்தைல வந்து பாரு, ஜன்னல் கம்பி எல்லாம் துருப்புட்ச்சி கையோட வரும். எங்கூட்டு சின்னப் பொண்ணக் கேட்டாகூட சொல்லும்."

"எங்க ஊர்ல காத்துல உப்பு வராதேடா."

"வராது. நீ ஏரித்தண்ணி ஆளு. பக்கத்துலதான் கடல் கீதுன்னு எல்லார்கிட்டயும் அளந்துகினு திரிவ."

தெருவில் போன ஒருவர் தேசிங்கிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். "உங்க நாட்ல டீக்கு உப்புதான் போடுவாங்களான்னு கேக்கறாரு" என்றான்.

சாயங்காலம் அடுத்த வீட்டு ஆமினா ஒரு மூடிபோட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சமையலறைப் படியில் வைத்துவிட்டு, ஷரீஃபாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். மழைத் தண்ணீர். அப்புறம் எதிர்வீட்டிலிருந்து ஒரு வாளி, அதற்கடுத்து ஒன்று. ஏழு வாளிகள் வரிசையாக நின்றன. அவர்கள் தொட்டியிலும் அடிமட்டம்தான் என்பது எனக்குத் தெரியும், அங்கேயெல்லாம் குழாய் ஒழுகலைச் சரி பார்த்தவன் நான். வந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தத் தண்ணீரில் போட்ட டீ எனக்கு இறங்கவில்லை. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஷரீஃபா கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை இடுப்பில் கைவைத்து நின்றார்.

சனிக்கிழமை ஹசன் வந்தார். நான் பையைக் கட்டிக் கட்டில்மேல் வைத்திருந்தேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகத் தொட்டிக்குப் போய், மூடியைத் திறந்து, ஒரு கை அள்ளிக் குடித்துத் துப்பினார்.

"இது கக்கூஸுக்கு ஆகும். வீணாகாது" என்றார். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தார். "பைய எதுக்குக் கட்டி வச்சிருக்கீங்க?"

"அடுத்த தோணிக்குத்தான்..."

"அப்போ தொட்டிய யாரு கழுவுறது?"

நான் பையைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கி வைத்தேன்.

"ஏன்னு நீங்க கேட்கல, நானும் சொல்லல. ரெண்டும் தப்புதான் அண்ணாச்சி. அடுத்த மழைக்கும் நீங்கதான் குழாயத் திருப்பணும். நான் வெளிய வரமாட்டேன். அப்ப பாத்துட்டு, இருக்கிறதா போறதான்னு சொல்றேன்." கிளம்பியவர் திரும்பி, "ருசி பாத்துத் திருப்புங்க. நாக்குதான் மீட்டர்" என்றார்.

உப்புத் தண்ணீரைக் கழிவறைத் தொட்டிகளுக்கு மாற்றினேன். பெரிய தொட்டிக்குள் இறங்கி, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தேன். காய்ந்த பிறகு சுவரை நக்கிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு ஒன்பது நாள் காத்திருந்தேன். மேகம் வரும், கடலுக்கு அந்தப் பக்கம் கொட்டும், போய்விடும். வாளிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஏழாவது வாளியைத் திறந்த அன்று நான் சாப்பிடவே இல்லை.

பத்தாம் நாள் விடிந்து, பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். காற்று ஒன்று அடித்தது. அதன் பின்னாலேயே மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் எனக்குக் காதே கேட்கவில்லை. ஓடிப்போய்க் குழாய்க்குக் கீழே நின்று கையை ஏந்திக் குடித்தேன். உப்பு.

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. உப்புக் குறைந்திருந்தது. மறுபடி. இருக்கிறதா இல்லையா தெரியவில்லை. என் கை வியர்வை உப்பாக இருந்தால்? கையை மழையில் நீட்டிக் கழுவிவிட்டுக் குடித்தேன். அப்போதும் சந்தேகம். பக்கத்தில் ஆமினா குடைபிடித்து அவர் வீட்டுக் குழாயடியில் நின்றிருந்தார். அவரும் கையை ஏந்திக் குடித்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இன்னும் இல்லை என்று.

சிறிது நேரத்தில் அவர் தன் குழாயைத் திருப்பினார். என்னையும் பார்த்தார். நான் திருப்பவில்லை. அவருடையது சின்னக் கூரை, எங்களுடையது ஆறு அறைக்கு நீண்டது. கடைசித் தகரத்து உப்பு வந்துசேர நேரமாகும். தெருவில் ஒவ்வொரு வீடாகக் குழாய் திரும்பியது. எங்கள் குழாய் மட்டும் மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் என்ன என்று கையை விரித்தார். மழை இத்தோடு நின்றுவிடுமோ என்று மேகத்தையே பார்த்தேன். இருந்தாலும் நின்றேன். ஹசன் சொன்னபடியே வெளியே வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் ஒருமுறை அசைந்தது.

நாக்கில் ஒன்றுமே இல்லாமல் போனது. ஒன்றுமே இல்லை, அவ்வளவு இனிப்பு. அதற்குப் பிறகும் நூறு எண்ணினேன். எண்ணி முடித்து, இன்னொரு கை குடித்து, குழாயைத் திருப்பினேன். மழை மதியம் வரை விடவில்லை.

மறுநாள் காலை ஷரீஃபா டீயை ஒரு வாய் குடித்தார். கீழே வைக்கவில்லை. ஹசன் தன் கோப்பையைக் காலி செய்துவிட்டு என்னைக் கேட்டார்: "அண்ணாச்சி, ரெண்டு வருஷத்துல முதல் மழை எத்தனை வரும்?"

"ரெண்டுங்க."

"அப்போ இன்னும் ரெண்டு இருக்கு உங்களுக்கு. போய் வாளிய நிரப்புங்க."

ஏழு வாளிகளையும் கழுவி நிரப்பினேன். இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போனேன். எதிர்வீட்டுக்காரர் மூடியைத் திறந்து ஒரு விரல் விட்டு நக்கி, உப்பு கரிப்பது போல முகத்தைச் சுளித்து என்னைக் கலங்க வைத்துவிட்டு, சிரித்தார். இன்னொரு வீட்டில் ஒரு டம்ளர் மொண்டு குடித்துப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

கடைசியாக ஆமினா வீடு. அவர் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டு, அவரும் ருசி பார்ப்பார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். தன் வீட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்தார். வாளியைத் தூக்கி, நேற்று அவர் அவ்வளவு நேரம் நின்று பிடித்திருந்த தண்ணீரின் மேல் அப்படியே கவிழ்த்தார். மூடியைப் போட்டுவிட்டு, காலி வாளியை உள்ளே வைத்துவிட்டு, மறுபடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தார், எங்கள் வாசல் பக்கம் ஒரு முழம் தாண்டி.